பகலில் விளக்கெரிந்த படகு

சும்மா இரண்டு கிழமை காலை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டு வருவதற்கு ஒரு மனுசி இப்படி நடுங்குவாளா என்று கேட்பவர்கள் றோசலினை அறியாதவர்கள். அறிந்தவர்களுக்கும் முழுக் கதை தெரியாது. கட்டின புருஷனுக்கே தெரியாது என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

2007ஆம் ஆண்டு, பனி உருகி மொன்றியால் தெருவெல்லாம் ஊத்தைச் சேறாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இது தொடங்கியது. கோயிலுக்குப் போய்வந்து, பார்க் எக்ஸ்ரென்ஷனில் உள்ள தங்கள் மூன்றாம் மாடி வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் யோசெப் ஒரு கிரேக்கருடைய உணவகத்தில் சமையல்காரர். கனடாவுக்கு வந்த புதிதில் அங்கே கோப்பை கழுவப் போனவர், பிறகு வெங்காயம் வெட்டி, பிறகு இறைச்சி வாட்டி, இப்போது அவர் இல்லாவிட்டால் முதலாளிக்குக் கை ஓடாது, கால் ஓடாது என்கிற நிலைக்கு வந்திருந்தார். அந்த முதலாளியின் தாய் வீடு ஏதோ ஒரு சின்னத் தீவில் பூட்டிக் கிடக்கிறதாம். யூன் மாதம் குடும்பத்தோடு போய் இருந்துவிட்டு வா என்று மனுசன் திறப்பையே எடுத்துக் கொடுத்துவிட்டார். யோசெப் அந்தத் திறப்பைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

"அங்கை ஒண்டுமே இல்லையாம் றோசலின். சத்தம் இல்லை, சந்தடி இல்லை. கடலும், கொஞ்சக் கழுதையளும், ஒரு சின்னக் கோயிலும்தானாம்."

"ஒண்டும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறியள்?"

"அதுக்குத்தானப்பா போறது! இவ்வளவு வருசத்தில நாங்கள் எங்கையாவது போய்ச் சும்மா இருந்திருக்கிறமே?"

மகள் அஞ்சலீனா சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். படிப்பு முடிகிறது, செப்டெம்பரில் ரொறன்ரோவில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குமுன் மூன்று பேரும் சேர்ந்து இருக்கக்கூடிய கடைசிக் கோடை இது என்று அவளே இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

"ஏதென்ஸ் மட்டும் பிளேன். பேந்து துறைமுகத்துக்குப் போய் ஃபெரி எடுக்கோணும். ஆறேழு மணித்தியாலம்."

"ஃபெரி எண்டா?" என்று றோசலின் கேட்டாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

"கப்பல் அம்மா. கார் எல்லாம் ஏத்துற பெரிய கப்பல்."

றோசலின் ரசம் எடுத்துவருகிறேன் என்று எழுந்து குசினிக்குள் போனாள். ரசம் மேசையில்தான் இருந்தது. குசினியில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிக் கிடந்த கோப்பையை மறுபடியும் கழுவினாள்.

அந்தத் தீவுக்குப் பிளேன் போகாதா என்று பிறகு கேட்டுப் பார்த்தாள். பிளேன் இறங்காதபடியால்தான் அம்மா அது அமைதி என்றாள் மகள். அமைதிதான் வேண்டுமென்றால் இங்கேயே பக்கத்தில் கர்க்லாண்டில் அக்னெஸ் அக்கா வீட்டில் போய் இருக்கலாமே, அங்கே நாய்கூடக் குரைக்காதே என்றாள் றோசலின். தகப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

றோசலின் பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வந்த முதல் குளிர்காலத்திலேயே உறைபனியில் விழுந்தெழும்பித் தையல் தொழிற்சாலைக்குப் போனவள். அது மூடப்பட்டபின், ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல் கார்தெறி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினிக்குள் நுழைந்து, இப்போது அறுபது குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுகிறாள். சாப்பிடாத குழந்தையைப் பிரெஞ்சிலேயே வெருட்டுகிறாள். மெற்றோவில் பையைப் பறிக்க வந்தவனைக் குடையால் அடித்தவள். ஆனால் தண்ணீருக்கு மேல் மிதக்கிற எதிலும் அவள் கால் வைத்ததில்லை. நயாகராவுக்குப் போனபோது எல்லோரும் நீல மழைச்சட்டை போட்டுக்கொண்டு படகேற, அவள் கரையில் நின்று எல்லோருடைய கைப்பைகளையும் காவல் காத்தாள். ஆயிரம் தீவு பார்க்கப் பஸ் பிடித்துப் போன அன்று அவளுக்குச் சரியாகத் துறையடியில் தலையிடி வந்தது. தான் ஏறாததோடு விட்டாளா? மகளையும் ஏறவிடவில்லை. அஞ்சலீனாவின் பள்ளிக்கூடத்தில் ஆற்றில் படகுச் சவாரி என்று கடிதம் வந்தால், அன்று காலை பிள்ளைக்கு எப்படியோ காய்ச்சல் காய்ந்தது. கார்தெறியில் குழந்தைகள் தொட்டியில் காகிதக் கப்பல் விட்டால், அடுப்படி வேலையை விட்டுவந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளைகள் சட்டை நனைக்குதுகள் என்பாள்.

இவ்வளவுக்கும் காரணம் கிளாலி.

யோசெப் முன்னமே கனடாவுக்கு வந்துவிட்டார். மனுசியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கான காகிதம் எல்லாம் சரிவந்தபோது அவர்கள் யாழ்ப்பாணத்துக்குள் அடைபட்டிருந்தார்கள். சண்டையில் தரைவழி பூட்டு. வெளியே வர இருந்த ஒரே வழி கிளாலிக் கடல்நீரேரி. பகலில் கடக்க ஏலாது. இருட்டியபின், படகுகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, முன்னால் ஒரு எஞ்சின் படகு இழுத்துக்கொண்டு போகும். நெருப்புக் குச்சிகூடக் கிழிக்கக் கூடாது. வெளிச்சம் கண்டால் நேவி வரும். எட்டு வயது அஞ்சலீனாவோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகேறிய றோசலின், பிள்ளையின் தலையை மடியில் அமத்திச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

நடு ஏரியில் நேவி வந்தது. அவர்கள் சுட்ட சூடு தண்ணீரில் விழுந்த சத்தமும் பலகையில் விழுந்த சத்தமும் வேறுவேறு என்று அன்றுதான் அவள் அறிந்தாள். பின்னால் கட்டியிருந்த படகில் பெரிதாக அழுகை கேட்டது. பிறகு கேட்கவில்லை. யாரோ கயிற்றை வெட்டினார்கள். அப்போதுதான் அவள் வாய்க்குள்ளேயே நேர்த்தி வைத்தாள்: "அந்தோனியாரே, என்ரை பிள்ளையைக் கரை சேர்த்துவிடும். இனி நானும் பிள்ளையும் சாகுமட்டும் படகில கால் வைக்க மாட்டம்."

மெழுகுதிரி நேரலாம், மொட்டை போடலாம், திருநாளுக்கு நடந்து வாறேன் என்று சொல்லலாம். உலகத்தில் ஒருவரும் வைக்காத நேர்த்தி அது. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அந்தோனியாரும் கேட்டார். விடியும்போது அக்கரையில் நின்றார்கள், இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பிள்ளையின் காதில் மட்டும் ஒரு தோட்டைக் காணவில்லை. துவக்குச் சூட்டுக்குத் தப்பி வந்தவள், தோட்டைத் துலைத்துவிட்டாய் என்று அந்தக் கரையிலேயே பிள்ளைக்கு ஓங்கி ஒரு அறை கொடுத்தாள். மனுசர் அப்படித்தான்.

நேர்த்தி வைத்து மறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று, அந்தோனியார் கோயில் உள்ள பாசையூரில் பிறந்த றோசலினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒருத்தியின் கை விளங்காமல் போனது, ஒருவரின் தோணி ஆளோடு போனது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். தன் கை போனால் போகட்டும். பிள்ளையின் உயிரை வைத்தல்லவா அவள் பேரம் பேசியிருந்தாள்! கொடுத்தவருக்குத் திருப்பி எடுக்க எவ்வளவு நேரம்?

திறப்பு வந்த நாளிலிருந்து வீட்டில் தீவைத் தவிர வேறு கதை இல்லை. யோசெப் வெள்ளைக் காற்சட்டை வாங்கி வந்தார். அஞ்சலீனா படங்களைக் காட்டினாள்: நீலக் கதவு, சுண்ணாம்புச் சுவர், மேல்தட்டில் ஆட்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும் ஒரு கப்பல். றோசலின் கப்பலை மட்டும் பார்த்தாள். தொலைக்காட்சியில் எங்கோ ஒரு கப்பல் கவிழ்ந்த செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். இருவரும் காதில் போட்டுக்கொண்டால்தானே? மகளும் புருஷனும் தனியே போகட்டும் என்று விடவும் முடியாது. நேர்த்தியில் பிள்ளையும் இருக்கிறாள். இரவு பகலாக அந்தப் பயம் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே கிடந்தது. சாப்பாடு இறங்கவில்லை. அவள் மெலிவதைப் பார்த்து யோசெப், கடல்காற்றுப் பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

கடைசியில் தாங்கள் பூசைக்குப் போகும் தமிழ் மிஷன் கோயிலின் சுவாமியாரிடம் போனாள். போகாதே என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டில் வந்து சுவாமியார் மறித்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்பது அவள் கணக்கு. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் வைச்ச நேர்த்தியை வேறொண்டா மாத்தித் தர எனக்கு அதிகாரம் இருக்கம்மா. படகை விடுங்கோ. வருசம் ஒருக்கா அந்தோனியார் பேரில பசிச்ச சனத்துக்குச் சாப்பாடு குடுங்கோ, அது காணும். மற்றது, ஒராள் நேர்த்தி வைச்சு இன்னொராளைக் கட்டேலாது. உங்கடை மகள் அதில இல்லை."

றோசலின் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. சுவாமியார் படித்தவர், அவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் அந்தப் படகில் இருக்கவில்லையே. பிள்ளைக்காக வைத்த நேர்த்தியில் பிள்ளை இல்லை என்றால், இவ்வளவு காலமும் பிள்ளையைக் காத்தது எது? வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம் இதுதான் அவளைத் தின்றது. போகும்போது இருந்த பயம் ஒன்று, வரும்போது இரண்டாகிவிட்டது.

வீட்டுக் கதவைத் திறந்தால், மேசையில் மடிக்கணினி. தகப்பன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறார். "ஃபெரிக்கு இடம் கிடைச்சிட்டுது அம்மா. மேல்தட்டு. இதை ஒருக்கா அமத்தினால் சரி" என்றாள் அஞ்சலீனா.

றோசலின் காலணியைக் கழற்றவில்லை. நேரே வந்து மடிக்கணினியை அறைந்து மூடினாள். மகளின் விரல் நசிந்தது.

"விசரே உமக்கு?" என்று யோசெப் எழும்பினார்.

"ஓம், விசர்தான். என்னைக் கொன்றுபோட்டு ஏறுங்கோ கப்பலில."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. நின்ற நிலையில், கோட்டும் கழற்றாமல், கிளாலியை முதல்முறையாக முழுவதும் சொன்னாள். பலகையில் சூடு பட்ட சத்தத்தைச் சொன்னாள். பின்னால் வந்த படகைச் சொன்னாள். நேர்த்தியைச் சொன்னாள். யோசெப் மெல்ல உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் மொன்றியாலில் பாதுகாப்பாக ஒரு அடுப்படியில் நின்றவர். படகில் வந்தோம், சுகமாக வந்தோம் என்று கொழும்பிலிருந்து மனுசி தொலைபேசியில் சொன்னதை இவ்வளவு காலமும் நம்பியிருந்தவர்.

"ஏனப்பா என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் இஞ்ச இருந்து என்ன செய்திருப்பியள்? அழுதிருப்பியள்."

அவர் அப்போதுதான் அழுதார். அஞ்சலீனா நசிந்த விரலை வாயில் வைத்தபடி தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, நானும் அண்டைக்கு நேர்த்தி வச்சனான்."

றோசலினுக்கு விளங்கவில்லை. "எண்டைக்கு?"

"அந்தப் படகிலதான். நீங்கள் என்ரை தலையை அமத்திப் பிடிச்சிருந்தனீங்கள். எனக்கு ஒண்டும் தெரியேல்லை, இருட்டு. உங்கடை மடி நடுங்கினதுதான் தெரிஞ்சது. அம்மாவைச் சாகவிடாதேங்கோ எண்டு அந்தோனியாரிட்டைக் கேட்டனான். சாகாட்டி அம்மாவை நான் ஒருநாள் நல்ல படகில கூட்டிக்கொண்டு போவன் எண்டு சொன்னனான். பகல்ல. லைட் எல்லாம் போட்டு. அப்பாவும் பக்கத்தில இருக்கோணும் எண்டு சொன்னனான்."

"என்னை ஏமாத்தாதை பிள்ளை. கப்பலில ஏத்திறதுக்காகச் சொல்லுறாய்."

"ஏமாத்தேல்லை. காணிக்கை குடுக்கோணும் எண்டு நீங்கள்தானே பழக்கினனீங்கள்? என்னட்டை வேற என்ன இருந்தது? தோட்டைக் கழட்டித் தண்ணியில போட்டனான். கரையில நீங்கள் அடிச்சனீங்கள்."

றோசலினின் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. கரையில் கொடுத்த அந்த அறையை அவளும் மகளும் தவிர வேறு ஒருவரும் அறியார். தோடு துலைந்த கதையை மட்டும் அவள் யாருக்கும், சற்றுமுன்கூட, சொன்னதில்லை; அறைந்த கையை நினைத்து வெட்கம்.

"ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னால் இன்னும் அடிப்பியள் எண்டு. பேந்து இஞ்ச வந்து, நீங்கள் ஒவ்வொருக்கா படகைக் கண்டு தலையிடி எண்ட நேரமும் கேக்க யோசிச்சனான். பயமாய் இருந்தது."

மற்றத் தாய்மாராக இருந்தால் இந்த இடத்தில் மகளைக் கட்டிப்பிடித்திருப்பார்கள். றோசலின் கதிரையில் விழுந்து விரல் மடிக்கத் தொடங்கினாள். பன்னிரண்டு வயதில் பிள்ளைக்குக் குடல்வால் வெட்டியது. பிறகு ஐஸில் வழுக்கிக் கை முறிந்தது. கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தரம் தவறியது. ஐயோ, அந்தோனியார் காணிக்கையையும் வாங்கிக்கொண்டு, கேட்டதையும் கொடுத்துவிட்டு, சொன்ன படகு எங்கே என்று இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் பேய் இருக்கும் இருட்டும் உண்டல்லவா?

இரண்டு நேர்த்தி. ஒன்றைக் காத்தால் மற்றது உடையும். தன்னுடையதை உடைத்தால் பழி தன்மேல். அதற்குச் சுவாமியார் ஒரு வழியும் சொல்லிவிட்டார். மகளுடையதை உடைத்தால் பழி மகள்மேல். அவ்வளவுதான், அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பயம் இடம் மாறி மற்றப் பக்கத்தில் நின்றது. ஒரு சொட்டும் குறையவில்லை.

"யூன் மட்டும் காத்திருக்கேலாது. இஞ்ச எங்கை படகு ஓடுது?" என்றாள்.

அஞ்சலீனா மடிக்கணினியை மறுபடியும் திறந்தாள்.

மே மாதக் கடைசியில், பழைய துறைமுகத்திலிருந்து ஆற்றைக் கடந்து லொங்கேய்க்குப் போகும் சிறு படகு ஓடத் தொடங்கியது. முதல் சனிக்கிழமையே மூவரும் துறையில் நின்றார்கள். நல்ல வெயில். சைக்கிள்காரர், ஐஸ்கிறீம் நக்கும் பிள்ளைகள், கமராக்காரர் எல்லோரும் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். றோசலின் ஒரு கையில் செபமாலையும் மறுகையில் மகளின் கையுமாக நின்றாள். படகுக்கும் துறைக்கும் இடையில் ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் தெரிந்தது. அந்த ஒரு சாணைத் தாண்ட அவளுக்கு நேரம் எடுத்தது. பின்னால் நின்ற சைக்கிள்காரர் மணி அடிக்கவில்லை, அவர் வாழ்க.

உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் வேலை, யோசெப்பை இழுத்துப் பிள்ளையின் மறுபக்கத்தில் இருத்தியது. "இஞ்சால இருங்கோ. பக்கத்தில எண்டு சொன்னவள்." பிறகு மேலே பார்த்தாள். கூரையைச் சுற்றி விளக்குகள் இருந்தன. ஒன்றும் எரியவில்லை.

மஞ்சள் சட்டை போட்ட படகுக்காரி கயிற்றை அவிழ்க்கப் போனாள். றோசலின் எழுந்து அவள் சட்டையைப் பிடித்தாள். "மதாம், லா லுமியேர், சில் வூ ப்ளே."

படகுக்காரி வானத்தைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், றோசலினைப் பார்த்தாள். இப்போது எதற்கு விளக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். றோசலின் சிரிக்கவில்லை. கார்தெறியில் சாப்பிடாத குழந்தையிடம் சொல்கிற அதே குரலில் மறுபடியும் சொன்னாள். அஞ்சலீனா வெட்கத்தில் முகம் சிவந்து, பிரெஞ்சில் ஏதோ நீளமாக விளக்கினாள். என்ன சொன்னாளோ, படகுக்காரியின் சிரிப்பு நின்றது. உள்ளே போய்ச் சுவிச்சைத் தட்டினாள். நல்ல வெயிலில் விளக்குகள் வெளிறி எரிந்தன. றோசலின் ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் எரிகிறது என்று நிச்சயித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எஞ்சின் உறுமியது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், அவள் கை அவளைக் கேளாமலே எழுந்தது. மகளின் பிடரியைப் பிடித்து, தலையை மடியில் அமத்தி, தோளில் கிடந்த சால்வையை இழுத்து மூடியது. ஐஸ்கிறீம் பிள்ளைகள் பார்த்தன. இருபத்திரண்டு வயது, பட்டம் வாங்கப்போகிறவள், காலையில் ஒரு மணித்தியாலம் நின்று தலை சீவியவள். அவள் நிமிரவில்லை. தாயின் மடியில் முகம் புதைத்தபடி அசையாமல் கிடந்தாள். யோசெப் மனுசியின் கைக்குமேல் தன் கையை வைத்தார். கரை மெல்ல விலகியது.

சால்வைக்குள் றோசலினின் விரலில் மகளின் தோடு தட்டுப்பட்டது. மற்றக் காதையும் தடவிப் பார்த்தாள். இரண்டும் இருந்தன.

"அம்மா, லைட் எரியுதோ?" என்று மடிக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"எரியுது. நீ தலையைத் தூக்காதை" என்றாள் றோசலின்.